நாலாம் மாடியில் ஆஷ் மரங்கள்

என் தம்பி ஷாஹுல் கணக்கு வாத்தியார். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தின்கன்ஜூன் பேட்டையில் வீடு வீடாகப் போய் டியூஷன் எடுத்தவன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதே அவனுக்குச் சந்தோஷம். வழியில் இறங்கி மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் ஒரு கிண்ணம் சாப்பிடாமல் வீடு வந்ததில்லை. அப்படி ஊர் சுற்றியவன் இப்போது பசுந்தாங் பேட்டையில் எங்கள் நாலாம் மாடி வீட்டை விட்டு இறங்குவதில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து இளவயசுப் பையன் தெருவில் இறங்கினால் திரும்பி வருவான் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

எங்கள் தெருவில் எல்லா பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு கீழே தொங்கும். நுனியில் கிளிப். கீரைக்காரியோ, ஆற்றுக்கு அக்கரையில் கியாக்தானிலிருந்து வரும் மீன்காரியோ கிளிப்பில் பையை மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். முன்பெல்லாம் கயிறு இழுப்பது ஷாஹுலின் வேலை. இப்போது அதுவும் அவன் அக்கா என் தலையில் விழுந்துவிட்டது. ஆம்பிளைக் கை பால்கனியில் தெரியக் கூடாது என்று உம்மா சொல்லிவிட்டார்.

எங்கள் மூத்த அண்ணன் ஜாபிர் காக்கா தப்பித்துவிட்டார். சட்டத்தை அறிவித்த வாரமே எல்லை தாண்டிப் போய், இப்போது தாய்லாந்தில் மீன் கம்பெனியில் இருக்கிறார். கிளம்பும்போது ஷாஹுலையும் கூப்பிட்டார். ஷாஹுல் பையெல்லாம் கட்டிவிட்டான். உம்மா கதவில் சாய்ந்துகொண்டு அழுதார். "ரெண்டு புள்ளையும் போயிட்டா நான் யாரு முகத்தைப் பார்க்கிறது?" அவன் பையைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி அலமாரியில் அடுக்கினான். அதற்குப் பிறகும் அழைத்துப் போக ஆள் இருக்கிறது என்று காக்கா போனில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பெருநாள் கழியட்டும் என்றார் உம்மா. மழை விடட்டும் என்றார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவன் இல்லாத வீட்டை நினைக்கவே எனக்கும் பிடிக்காது, அதனால் வாயைத் திறக்க மாட்டேன்.

அறைக்குள் கிடந்து கிறுக்குப் பிடிக்காமல் இருக்க, ஷாஹுல் இணையத்தில் ஒரு வேலை பிடித்தான். டென்மார்க்கில் ஆஷ் மரங்களை ஆராயும் ஓர் அம்மையாருக்கு உதவி. அங்கே ஒரு பூஞ்சை அந்த மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறதாம். முதலில் இலையில் பிடிக்கும், காம்பு வழியாகக் கொப்புக்குள் போகும், கொப்பு காயும், கடைசியில் மரமே போகும். ஆனால் ஆயிரக்கணக்கில் சாகும்போதும் அங்கொன்று இங்கொன்று நன்றாக நிற்கிறது. அவற்றின் விதையை எடுத்து வளர்த்தால் இனம் பிழைத்துக்கொள்ளும். அவற்றைக் கண்டுபிடிக்க மேலிருந்து எடுத்த படங்களை அனுப்புவார்கள். நல்ல மரத்துக்குப் பச்சை வட்டம், நோய் மரத்துக்குச் சிவப்பு வட்டம், அவ்வளவுதான் வேலை. ஒரு ஆஷ் மரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன், ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "டாக்டர் ஐயா, சோறு ஆறுது" என்று நான் கூப்பிடுவேன். எப்போதாவது சிரிப்பான்.

போன வாரம் அக்டோபர் மாதப் படங்கள் வந்தன. சுற்றிலும் மரங்கள் பச்சையாக நிற்க, நடுவே சில மட்டும் மொட்டையாக நின்றன. அவன் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் அக்டோபர் என்றால் மழை குடித்து முடித்த மாதம், எல்லா மரமும் தளதளவென்று இருக்கும். அப்போது மொட்டையாக நிற்கிற மரம் செத்த மரம்தான். எல்லாவற்றுக்கும் சிவப்பு போட்டு அனுப்பிவிட்டான்.

நேற்றுக் காலை கரண்ட் வந்ததும் பதில் வந்தது. உம்மா பக்கத்தில் மீன் அலசிக்கொண்டிருந்தார். அவன் வாசித்துவிட்டு மறுபடி மேலிருந்து வாசித்தான்.

"என்னடா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றேன்.

"இல்ல லாத்தா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். அந்த மொட்டை மரம் எல்லாம் நோய் மரம் இல்லையாம். அதுங்கதான் நல்ல மரமாம். அதைத்தான் அவங்க தேடிட்டு இருக்காங்களாம்."

"இலை இல்லாத மரம் எப்படி நல்ல மரம்?" என்று கேட்டார் உம்மா.

"மத்த மரத்துக்கு முன்னாடியே அது இலையை உதிர்த்துடுதும்மா. பூஞ்சை இலையில இருந்து கொப்புக்குப் போறதுக்குள்ள இலை கீழ விழுந்துடுது. அதனால தப்பிச்சிடுது."

உம்மா அலசுவதை நிறுத்தினார். "உதிர்க்காம வச்சிருந்த மரம்?"

"வச்சிருந்த இலை வழியாத்தான் பூஞ்சை உள்ள போகும்" என்றான் ஷாஹுல், திரையைப் பார்த்துக்கொண்டே. உம்மாவைக் குத்திக்காட்ட அவன் சொல்லவில்லை. அவனுக்கு அது வராது. ஆனால் உம்மாவின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

உம்மா கையைக் கழுவினார். அலமாரிக்கு மேலிருந்து அன்று அவன் கட்டிப் பிரித்த பையை எடுத்துக் கட்டிலில் போட்டார். என் போனை வாங்கி அவரே காக்காவைக் கூப்பிட்டார்.

"ஜாபிரு, தம்பியைக் கூட்டிட்டுப் போக ஆள் இருக்குன்னியே. வரச் சொல்லு. இன்னைக்கே அனுப்புறேன்."

ஸ்பீக்கரில் காக்காவின் குரல் வந்தது. "உம்மா, அந்த ஆளைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்த ரோட்டையும் அடைச்சாச்சு. போன மாசமே அடைச்சுட்டாங்க. இப்ப அனுப்பாதீங்க, வழியிலேயே புடிச்சிருவாங்க."

உம்மா போனை என்னிடம் நீட்டினார். பையை எடுத்து மேலே வைக்கச் சொல்லவும் இல்லை, தானே எடுத்து வைக்கவும் இல்லை. கீழே யாரோ கயிற்றை ஆட்டினார்கள், மணி அடித்தது, நான் போகவில்லை.

கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஷாஹுல் அக்டோபர் படங்களைத் திறந்து திருத்த ஆரம்பித்தான். சிவப்பு வட்டத்தை அழித்துப் பச்சை போட்டான். உம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஒரு மொட்டை மரத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதுவும் தப்பிச்சிடுச்சா?"

"ஆமாம்மா."

"சரி, பச்சை போடு" என்றார் உம்மா.