எனாமல் பூசிய தொட்டிகள்

விரலை மடக்கி ஒவ்வொரு பூந்தொட்டியாகத் தட்டிக்கொண்டே போகிறார் பிரிட்டோ. மண் தொட்டி காய்ந்திருந்தால் 'டங்'கென்று கேட்கும். ஈரமிருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று அவர் மனைவி மரியசெல்வி இப்படித்தான் முடிவு செய்வாள். ஒரு மாதமாக ஏழு தொட்டியும் அமுங்கியே கேட்கின்றன. இவரும் விடாமல் தட்டுகிறார்.

முப்பது வருடப் பெயிண்டர். திண்டுக்கல்லில் பாதி வீடுகளின் ஜன்னல் கம்பி இவர் கைவேலை. காதோரம் பச்சையோ நீலமோ ஒரு தீற்றல் இல்லாமல் மாதா கோயிலுக்குக்கூடப் போனதில்லை. "பூசாத பொருளு அம்மணமா நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்பார்.

மரியசெல்வி போய் இரண்டு வருடமாகிறது. "எனக்குக் கடைப்பூ வேணாம். நம்ம தொட்டியில பூத்ததைக் கொண்டாந்து வைங்க, போதும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டாள். போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு ஏழு தொட்டியிலும் ரோஜா பூத்தது. துண்டில் பொதிந்து கொண்டுபோய் அவள் கல்லறையில் வைத்தார்.

இந்த வருடம்தான் புத்தி கோணிவிட்டது. போர்வெல் தண்ணீரின் உப்பு தொட்டிகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அவளாக இருந்தால் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருப்பாள். இவருக்கு ஏது அந்தப் பொறுமை? மீந்த எனாமல் வேறு வீட்டில் இருந்தது. செடிகளைப் பதமாக எடுத்து வைத்துவிட்டு உள்ளே இரண்டு கோட்டு, வெளியே இரண்டு கோட்டு அடித்தார். பெயிண்ட் அடித்துளையில் வழிந்து காய்ந்து அடைத்துக்கொண்டதைக் கவனிக்காமல் செடிகளைத் திரும்ப நட்டுவிட்டார். புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. தொட்டிகள் பளபளவென்று சிவப்பாக நின்றன; செடிகள் ஒவ்வொன்றாக வேர் அழுகிச் சாய்ந்தன.

"மண் தொட்டி மூச்சு விடணும்ணே. இம்புட்டு பெயிண்டை அடிச்சு அடைச்சிட்டீங்களே" என்றார் நர்சரிக்காரர்.

"அவ கேட்டது அது ஒண்ணுதான். அதையும் என் கையாலயே கொன்னுட்டேன்" என்றார் பிரிட்டோ. அன்று அவர் சாப்பிடவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. முழுக்கச் சாயாமல் நின்ற ஏழாவது செடியில் மட்டும் ஒரு மொட்டு விட்டிருந்தது. அதுவும் விடிவதற்குள் கருகித் தொங்கிவிட்டது. தெருவில் ஜனங்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பிரிட்டோ வாசலில் உட்கார்ந்து, சுவருக்குப் பட்டி பூசும் பிளேடால் அந்தத் தொட்டியின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு நாகஜோதி, பூ மார்க்கெட்டில் வாங்கிய ரோஜாவை வாழையிலையில் வைத்து நீட்டினாள். "செடி போயிருச்சுண்ணே. இதைக் கொண்டுபோய் வைங்க. அண்ணி ஒண்ணும் நினைக்காது."

"செத்த பொறும்மா" என்றவர், தொட்டியைத் திருப்பிவைத்து, சுரண்டாத பக்கத்தைச் சுரண்டத் தொடங்கினார்.