மிஞ்சிப்போன மெழுகுவர்த்தி

நான் எழுதும் நகைச்சுவையைப் படித்துவிட்டுச் சிரிக்காதவர்கள் இருக்கிறார்கள் என்று நண்பர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வதுண்டு. தயங்க வேண்டியதே இல்லை. எட்டு வயதிலேயே அப்படிப்பட்டவர்களோடு பழகியவள் நான். ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருந்தவர்கள்தான் என் முதல் ரசிகர்கள். என்ன சொன்னாலும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் பாதியில் எழுந்து போகவும் மாட்டார்கள். பின்னால் வாய்த்த ரசிகர்களிடம் இந்த இரண்டாவது குணத்தை நான் காணவில்லை.

எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அப்பா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். வீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் "சும்மாவா இருக்க?" என்று யாராவது ஒரு வேலையைக் கையில் திணித்துவிடுவார்கள். கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே எல்லோருமே சும்மா இருப்பவர்கள். காலை வெயிலில் கற்பலகைகள் இதமாகச் சுட்டுக்கொண்டிருக்கும். ஓணான்கள் தலையாட்டும். இடிந்த சுவரைத் தாண்டி ஆடுகள் வந்து, சாதி பணம் பாராமல் எல்லார் தலைமாட்டிலும் மேய்ந்துவிட்டுப் போகும். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. அப்பாவின் சாக்குக்கட்டியில் துண்டு உடைத்துக்கொண்டு போய், விட்டுப்போன புள்ளிகளையெல்லாம் வைத்துவிட்டு வருவேன். மழை வந்து அழித்துவிடும். மறுபடியும் வைப்பேன்.

அங்கே ஒரு சின்னக் கல்லில் என் பெயரே இருந்தது. எனக்கு முன்னால் பிறந்து, நடக்கப் பழகும்போதே காய்ச்சலில் போய்விட்ட அக்காவின் கல் அது. அவளுக்கு வைத்த பெயரையே எனக்கும் வைத்துவிட்டார்கள். அம்மா அந்தக் கல்லைத் தொட்டு மெதுவாகப் பெயரைச் சொல்வாள். நான் பின்னால் நின்றபடி "என்னம்மா?" என்பேன். அம்மா திரும்பிப் பார்க்கிற அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. கூப்பிட்டுவிட்டு ஏன் விழிக்கிறாள் என்று கோபம்தான் வரும்.

ஒவ்வொரு கல்லறைக்கும் நானே ஒரு வாழ்க்கை வரலாறு தயாரித்து வைத்திருந்தேன். லத்தீனில் ஏதோ எழுதியிருந்த வெள்ளைக்காரர், எங்கள் ஊர்ச் சித்திரை வெயில் தாங்காமல் போனவர். பக்கத்தில் இருந்த அம்மாள், சமையலில் உப்பு குறைந்ததென்று புருஷனோடு சண்டை போட்டுச் சாப்பிடாமலே இருந்து செத்தவள். இப்படி எல்லாரையும் ஒரு வழி செய்துவிட்டேன். மிஞ்சியது இலுப்பை மரத்தடியில் மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஒரு கல்லறை. பேரும் இல்லை, எழுத்தும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே வெள்ளையடிக்கும்போதும் அதன் பக்கம் யாரும் வரமாட்டார்கள். அதனால் அது எனக்குச் சொந்தம் என்று முடிவு செய்தேன்.

அப்போது அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பாவின் தங்கை. மாமாவுக்கு ரங்கோனில் ஒரு மரக்கிடங்கில் கணக்கெழுதும் வேலை. யுத்தம் வந்து ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் மலையும் காடுமாக நடந்தார்கள். மாமாவோடு நடந்த எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் மட்டும் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன். "காலு ரெண்டும் பானையா வீங்கிருச்சு வாத்தியாரே. ஒரு மரத்தடியில உக்காந்துட்டாரு. 'நீ முன்னால போய்க்கிட்டிரு, பின்னாலயே வாரேன்'னாரு. நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன்." அதற்குள் அம்மா என்னைக் கண்டுபிடித்து விரட்டிவிட்டாள். தச்சர் யாரைப் பற்றிச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைப் பொறுத்தவரை ரங்கோன் மாமா என்றால் ரங்கோனில் இருப்பவர், பிஸ்கோத்து டப்பா அனுப்புகிறவர். கொஞ்ச நாளாக டப்பா வரவில்லை, அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் ஊர் முழுக்கத் தோட்டத்தில் இருக்கும். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, ஐப்பசிக் காற்றுக்கு மறைவாகக் கொட்டாங்கச்சியை அண்டை கொடுத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியதும் எங்கள் திருநாள் தொடங்கும். கல்லில் வழிந்து உறைந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடிப்போம். யார் உருண்டை பெரியதோ அவர்தான் அடுத்த வருஷம் வரைக்கும் ராஜா. புதுக்கோட்டை மகாராஜாவுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. ஆனால் யுத்த காலத்தில் மெழுகுவர்த்தி திருச்சியிலிருந்து யாராவது கொண்டு வந்தால்தான் உண்டு. வீட்டுக்கு எத்தனை பேர் இறந்திருக்கிறார்களோ அத்தனைதான் வாங்குவார்கள். ஒன்றுகூட அதிகம் இருக்காது.

அந்த வருஷம் அப்பாவின் பையில் ஒன்று கூடுதலாக இருந்தது. தாத்தாவுக்கு ஏற்றினார். அக்காவுக்கு ஏற்றினார். பிறகு மூன்றாவதை எடுத்துத் தாத்தாவின் கல்லறை மேலேயே ஓரமாக நட்டார்.

"அது யாருக்குண்ணே?" என்றாள் அத்தை.

அப்பா தீப்பெட்டியைத் தேடினார்.

"கேக்குறேன்ல. யாருக்கு?"

"ஒனக்குத் தெரியாதா? எம்புட்டு நாளைக்கு இப்படியே இருக்கறது? அவன் மோட்சத்துக்குப் போக முடியாம உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து வேகுறானோ என்னமோ. நாம வேண்டிக்கலேன்னா வேற யாரு வேண்டிக்குவா?"

"உசிரோட இருக்கற மனுசனுக்கு இங்க வந்து திரி ஏத்துவீகளா? வாரேன்னு சொல்லிவிட்டிருக்காருல்ல?"

"சொன்னான். சொன்ன எடத்துலயே..." அப்பாவால் முடிக்க முடியவில்லை. அவரும் மாமாவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அப்பாவின் உதடு நடுங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். வாத்தியார் உதடு நடுங்கலாமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்துக் கல்லறையில் என் வகுப்புப் பிள்ளைகள் வேறு நின்றார்கள்.

அந்தத் திரி எரிந்தால், மறுநாள் காலைப் பூசையில் இறந்தவர்கள் பெயரோடு மாமாவின் பெயரும் வாசிக்கப்படும். வாசித்துவிட்டால் அத்தையின் கழுத்தில் தாலி இருக்க முடியாது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது, அத்தை குனிந்து அந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கி என் கையில் திணித்ததுதான்.

"இந்தா ஆத்தா, இத எங்கிட்டாச்சும் கொண்டு போயிரு. எங் கண்ணுல படக்கூடாது."

ஒரு முழு மெழுகுவர்த்தி! அதை எங்கே கொண்டுபோவது என்று நான் யோசிக்கவே இல்லை. இலுப்பை மரத்தடிக்கு ஓடினேன். சருகைத் தள்ளி, பக்கத்துக் கல்லறையில் நெருப்புப் பிடித்துக்கொண்டு, என் கல்லறைக்கு முதல் முறையாக விளக்கு வைத்தேன். காற்றுக்குக் கொட்டாங்கச்சி போதவில்லை. பாவாடையை விரித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தூறல் விழத் தொடங்கியதும் அத்தை என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி, எங்கிட்டாச்சும் போடுன்னா இங்கிட்டு வந்து ஏத்தி வச்சிருக்க? யாரு கல்லறை இது?"

அந்தத் தோட்டத்தில் யாரைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது என்று நான் சொன்னதில்லை.

"வழியில போனவரு அத்தை. ரொம்பத் தூரத்துலேருந்து நடந்தே வந்தாரு. காலு வீங்கிப்போச்சு. கூட வந்தவுகள முன்னால போங்கன்னுட்டு இந்த மரத்தடியில உக்காந்துட்டாரு."

அத்தை என்னையே பார்த்தாள். "அப்பறம்?" என்றாள்.

கதை சொல்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்பறம் இந்த ஊர்க்காரவுக கஞ்சி குடுத்தாக. பாய் போட்டுப் படுக்க வச்சாக. சாமியாரக் கூட்டியாந்து மந்திரம் சொன்னாக. பேரு கேக்கத்தான் மறந்துட்டாக. அதான் கல்லுல பேரு இல்ல."

"தனியாவா கெடந்தாரு?"

"இல்ல அத்தை. ஒரு சின்னப்புள்ள விசிறிக்கிட்டே இருந்துச்சு." கதையில் எனக்கும் ஓர் இடம் இருக்கட்டுமே என்று அந்தப் பிள்ளையை அப்போதுதான் சேர்த்தேன்.

"வலிச்சுச்சாடி அவருக்கு?"

"கொஞ்சந்தான். தூங்கிட்டாரு."

"அவரு வீட்டுல?"

"அவுகளுக்குத் தெரியாதுல்ல. வருவாரு வருவாருன்னு பாத்துக்கிட்டே இருக்காக."

அத்தை அந்த ஈரமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல அப்படியே வைத்திருந்தாள். "அங்கிட்டும் ஒரு புள்ள இருந்திருக்கும்ல?" என்றாள். என்னைக் கேட்டாளா, கல்லைக் கேட்டாளா தெரியவில்லை. கதை நன்றாயிருந்தது என்று சொல்வாளென்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஜெபமாலையை எடுத்து, நாதியற்ற ஆத்துமாக்களுக்கான மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினாள். குரல் நடுவில் உடைந்து உடைந்து வந்தது. அப்பா வந்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் முழங்காலிட்டார். யாருக்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் பூசையில் மாமாவின் பெயர் வாசிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருநாளுக்கும் அப்பா ஒன்று கூடுதலாகவே வாங்கி வந்தார். அத்தை அந்தக் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்தாள். கேட்டவர்களிடம், "யாரோ வழியில போனவரு" என்று என் கதையையே சொன்னாள். தாலியோடேதான் இருந்தாள், தாலியோடேதான் அடக்கமானாள். இப்போது ஊரில் போய்க் கேட்டால், விசிறிய பிள்ளை உள்பட எல்லாவற்றையும் அந்தக் கல்லறையின் சரித்திரமாகவே சொல்கிறார்கள். நான் இட்டுக்கட்டியவற்றில் ஊர் நம்பிய கதை அது ஒன்றுதான். அதில் என் பெயர் இல்லை.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு இதொன்றும் தெரியாது. திரி எரிந்து தீரும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன். கல்லில் மெழுகு வெள்ளையாக, தாராளமாக வழிந்து கிடந்தது. அந்த ஒரு கல்லிலேயே நான் ராஜாவாகிவிடலாம். சுரண்டக் கையை நீட்டியபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இத மட்டும் எடுக்காத ஆத்தா. இங்கயே இருக்கட்டும்."

என் கல்லறை, என் கதை. விளக்கு வைத்தவளும் நான். மெழுகு மட்டும் எனக்கில்லையாம்! வீடு போய்ச் சேரும்வரை தேம்பித் தேம்பி அழுதேன். அத்தையும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டேதான் வந்தாள். இவ்வளவு அழுகிறவள் பேசாமல் மெழுகைக் கொடுத்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.