போதும் சொல்கிற வேலை

பிள்ளைகளே, என் மகள் எடை தூக்குகிறவள். நீளமான இரும்புக் கம்பி, அதன் இரண்டு முனையிலும் வட்ட வட்டமாக இரும்புத் தட்டுகள். அதைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பாள். அவள் சாம்பியன் ஆன கதையை உங்கள் பள்ளிக்கூடத்தில் உங்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டுகிறவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன். இது பெரும்பாலும் நான் பயந்த கதை.

அவளுக்கு ஆட்டிசம். நமக்கு வெறும் சத்தமாக இருப்பது அவளுக்கு இடி மாதிரி விழும். சுற்றி வளைத்துப் பேசினால் எட்டாது. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்வாள். ‘அஞ்சு நிமிஷத்துல வரேன்’ என்று சொல்லிவிட்டு ஆறாவது நிமிடம் வந்தால், அதற்குள் தன் மணிக்கட்டைக் கடித்து வைத்திருப்பாள். இரண்டு பள்ளிக்கூடங்களில் சேர்த்தோம். இரண்டிலும் ஒரு வருடத்துக்குள் என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம் பெண்ணை அழைத்துப் போகச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் தண்ணீர் டம்ளரைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

கள்ளிக்குப்பத்தில் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழேயிருந்து தண்ணீர் கேனைத் தூக்கி வருவது பன்னிரண்டு வயதிலிருந்தே அவள் வேலை. படி ஏறி வந்து சமையல்கட்டில் நிற்பாள். இறக்க மாட்டாள். தூக்கத்தானே சொன்னோம்? கை நடுங்கும், முகம் சிவக்கும், அப்படியே நிற்பாள். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. “போதும்மா, போதும்” என்பேன். உடனே இறக்கிவிடுவாள். அவள் அம்மா “கீழ வைடீ” என்று பத்துத் தடவை கத்தினாலும் நிற்பாள். என் குரலில், அந்தச் சொல்லில், சொன்னால்தான் ஆகும். அப்போது எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு சின்ன ஜிம். ஒரு நாள் அந்த வழியாக நடந்து போகும்போது அவள் என் கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன். அவள் தரையில் உட்கார்ந்து சிதறிக் கிடந்த தட்டுகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியது, அடுத்தது, அதற்கு அடுத்தது. ஜிம் மாஸ்டர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணாத்தே, நாலு வருசமா இவனுங்கள அடுக்கி வைங்கடான்னு கத்திக்கினு கீறேன். ஒருத்தன் கேக்கல. நீ டெய்லி இட்டாந்துடு” என்றார்.

எங்கள் வீட்டுக்கு வெளியே அவளை ‘வா’ என்று சொன்ன ஒரே இடம் அதுதான். அங்கே போய்வந்த நாளில் அவள் மணிக்கட்டில் பல் தடம் இருக்காது. தினமும் ஷிப்ட் முடிந்ததும் கூட்டிப் போவேன். மாஸ்டர் தூக்கச் சொல்லிக் கொடுத்தார். இறக்குவதற்கு மட்டும் நான்தான் “போதும்” சொல்வேன்.

ஆறு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் புகார் வந்தது. யாராவது தட்டுகளை வரிசை மாற்றிக் கம்பியில் மாட்டியிருந்தால், அவர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இவள் எல்லாவற்றையும் கழற்றிச் சரியாக மாட்டிவிடுவாள். பாட்டுச் சத்தம் ஏறினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள்.

மாஸ்டர் என்னை ஓரமாக அழைத்தார். “கோச்சிக்காத அண்ணாத்தே. மெம்பருங்க ஒவ்வொருத்தனா கழண்டுக்கினு கீறான். வர மாசம் ஜில்லா போட்டி. ஒரு மெடல் வாங்கட்டும், போட்டோவ செவுத்துல மாட்டிடறேன். அப்பால எவன் வாயத் தொறக்கறான்னு பாக்கலாம்.”

“வாங்கலன்னா மாஸ்டர்?”

அவர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

போட்டி ஆவடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். விதி ரொம்பச் சுலபம். கம்பியைத் தூக்கி நிமிர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர் கையைக் கீழே இறக்கி “டவுன்” என்பார். அதற்குப் பிறகுதான் இறக்கலாம். முன்னால் இறக்கினால் சிவப்பு விளக்கு, தூக்கியது கணக்கில் வராது. மூன்று வாய்ப்பு.

முதல் வாய்ப்பு. அறுபது கிலோ. தூக்கினாள். முட்டி நடுங்கியது. நான் கூட்டத்தில் நின்றிருந்தேன். சமையல்கட்டு ஞாபகமோ என்னவோ, என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: “போதும்மா!” நடுவரின் கை இன்னும் மேலேதான் இருந்தது. அவள் சட்டென்று இறக்கிவிட்டாள். சிவப்பு.

மாஸ்டர் என்னிடம் ஓடிவந்தார். “யோவ், இன்னாயா பண்ற? உன் பொண்ணுக்கு நீயே சூனியமா? வாயத் தொறந்த, நானே உன்ன வெளிய தள்ளிடுவேன்.” என் கழுத்தில் கிடந்த துண்டை என் வாயில் அவரே அடைத்தார்.

இரண்டாவது வாய்ப்பு. தூக்கினாள், நின்றாள். நடுவரின் கை இறங்கியது. “டவுன்.” அவள் நின்றாள். “டவுன்மா, டவுன்.” நின்றாள். ஜனங்கள் முதலில் கை தட்டினார்கள், அப்புறம் சிரித்தார்கள். “இன்னா மச்சான், சிலை வெச்சிட்டாங்களா?” என்று என் பின்னால் ஒருவன் கேட்டான். அவள் கண் கூட்டத்தில் தேடியது. என்னைத்தான். நான் மாஸ்டருக்குப் பயந்து துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் செய்த கேடுகெட்ட காரியம் அதுதான். கம்பி அவள் விரல்களிலிருந்து வழுக்கித் தடாலென்று விழுந்தது. உள்ளங்கைத் தோல் கிழிந்துவிட்டது. கை தவறிப் போட்டாலும் சிவப்புதான்.

பின்பக்கம் சாப்பாட்டுக்கூடத்தில் வைத்து அவள் கையில் பஞ்சு ஒற்றினேன். அவள் “போதும் போதும் போதும்” என்று முனகிக்கொண்டே இருந்தாள். மாஸ்டர் அதைக் கேட்டார். என்னைப் பார்த்தார்.

“அண்ணாத்தே, நீ சொன்னாத்தான் எறக்குமா?”

“ஆமா மாஸ்டர்.”

“தெனம் பாத்துக்கினு கீறேன், எனக்கே ஒறைக்கல பாரு. வா, ஜட்ஜு பின்னாடி நில்லு. அவரு கையி எறங்கணும், அப்பால நீ. முன்ன சொன்னியோ, தீர்ந்துச்சு.”

மூன்றாவது வாய்ப்பு. நடுவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன். அவள் கையில் ரத்தம் கசிந்தது தெரிந்தது. தூக்கினாள். முட்டி நேரானது, தோள் பின்னால் போனது. நடுவரின் கை மேலேயே நின்றது. கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது, கையைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பெண் பாரத்தோடு நடுங்குகிறாள், நான் ஒரு சொல் சொன்னால் இறக்கிவிடுவாள், சொல்லாமல் நிற்கிறேன். கை இறங்கியது. வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. மாஸ்டர் என் முதுகில் ஒன்று வைத்தார். “போதும்மா!” இறக்கினாள். வெள்ளை விளக்கு.

அவள் எடைப் பிரிவில் மூன்றே பேர். மூன்றாவது பரிசு. மாஸ்டர் சொன்னபடி போட்டோவை மாட்டினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் போட்டி போட்டியாகப் போனோம். வெள்ளி வந்தது, ஜில்லாவில் தங்கமும் வந்தது. எல்லா இடத்திலும் நடுவருக்குப் பின்னால் நான் நின்றேன். கூட்டத்தில் சிலர் என்னைக் காட்டி, “அதோ, ‘போதும்’ அப்பா” என்பார்கள்.

ஒரு நாள் லேத் முன்னால் எனக்குக் கண் இருட்டியது. விழுந்துவிட்டேன். இதயத்தில் அடைப்பு இருக்கிறது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு ஒரே ஒரு படம்தான் மனதில் ஓடியது. அவள் பாரத்தோடு நிற்கிறாள். எல்லோரும் ஏதேதோ சொல்கிறார்கள். அவள் கூட்டத்தில் தேடுகிறாள். நான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டரிடம் சொன்னேன். “என் வார்த்தைய அவகிட்டருந்து புடுங்கணும் மாஸ்டர்.”

அது எட்டு மாதம் எடுத்தது. மாஸ்டர் “டவுன்” என்பார், நான் “போதும்” என்பேன். பிறகு மெதுவாகச் சொன்னேன். பிறகு உதட்டை மட்டும் அசைத்தேன். பிறகு தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அன்று அவள் கம்பியைப் போட்டுவிட்டு, விட்டுப்போன வழக்கம் திரும்பி, மணிக்கட்டைக் கடித்தாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். மறுநாள் மறுபடி தூணுக்குப் பின்னால் நின்றேன். அவள் என்னிடம் நான்கு நாள் சாப்பாடு வாங்கவில்லை. அவள் அம்மா, “அந்தப் புள்ளைக்கு இருக்கறதே நீ ஒருத்தன், அதையும் புடுங்கறியா?” என்று கேட்டாள். அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மாநிலப் போட்டிக்கு நான் உள்ளே போகவில்லை. வண்டி நிறுத்துகிற இடத்தில், ஜன்னலுக்குக் கீழே நின்றேன். முப்பது வருடம் இரும்போடு இருந்தவன். நழுவி விழுகிற இரும்புக்கு ஒரு சத்தம், வைக்கிற இரும்புக்கு ஒரு சத்தம். மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ‘ணக்’ என்று கேட்டது. வைத்த சத்தம். மூன்று தடவை. மூன்றும் வைத்த சத்தம்.

தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தவள் என்னைத் தேடவில்லை. பார்க்கிங்கில் இருந்த பைக்குகளை எண்ணிக்கொண்டு போனாள். நான் ஒரு பைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னத்துக்கு அழுதேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தண்ணீர் கேனைத் தூக்கிவந்து சமையல்கட்டில் நின்றாள். பழைய பழக்கத்தில் நான் “போதும்மா” என்றேன். நின்றாள். “போதும்டா கண்ணு.” அசையவில்லை. என் சொல் செத்துவிட்டது. அடுப்பிலிருந்து திரும்பாமலே அவள் அம்மா, “டவுன்” என்றாள். இறக்கி வைத்தாள்.

இப்போது அந்தச் சொல் கீழ்வீட்டு அக்காவுக்குத் தெரியும், கேன் போடுகிறவருக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிட்டேன். என்றைக்காவது எங்கள் தெருப் பக்கம் வந்தால், ஒரு பெண் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்தால், சிரிக்காதீர்கள். “டவுன்” என்று சொல்லுங்கள். யார் சொன்னாலும் இறக்குவாள்.