பதினோரு அடிக்கு ஒரு லென்ஸ்

கடைக்காரர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸின் வயிற்றுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கிறார். பூஞ்சை இல்லை. தூசி இல்லை. கீறல் இல்லை. பார்க்கப் பார்க்க அவர் முகம் இருண்டுகொண்டே போகிறது. பழைய லென்ஸ் இவ்வளவு சுத்தமாக இருந்தால் அதுவே ஒரு கோளாறு என்பது அவர் கட்சி. காதருகே கொண்டுபோய் மெல்லக் குலுக்குகிறார். சத்தமில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துப் பின்பக்கத்துத் திருகாணிகளின் தலைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். மூன்றாவது திருகாணியில் முடி அகலத்துக்கு ஒரு பளபளப்பு. அப்பாடா என்று முகம் மலர்கிறது.

"யாரோ திறந்திருக்காங்க."

"நான் திறக்கல சார்," என்கிறார் விற்க வந்த கல்யாண போட்டோகாரர்.

"நீங்க திறந்தீங்கன்னு நான் சொல்லலையே. எதுக்கு விக்கிறீங்க?"

"புதுசு ஒண்ணு வாங்கலாம்னு..."

"சரி. எதுக்கு விக்கிறீங்க?"

எந்தக் கேள்வியையும் மூன்று முறை கேட்பார். முதல் பதில் வீட்டிலிருந்து தயார் செய்து எடுத்து வந்தது, இரண்டாவது பதில் கோபத்தில் வருவது, மூன்றாவதில்தான் ஆள் அகப்படுவான் என்று கணக்கு. கல்யாண போட்டோகாரரும் மூன்றாவது முறை தோளைத் தொங்கவிட்டு, மைத்துனருடன் சேர்ந்து வேறு தொழிலுக்குப் போவதை ஒப்புக்கொள்கிறார். அதில் தனக்கே இஷ்டமில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

தெருவில் அவருக்கு டார்ச்காரர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்றாலும் அவருக்குத் தெரியும். யார் முதலில் சொன்னது என்பதையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். வயது ஐம்பத்தாறு. பழைய கேமராவும் லென்ஸும் வாங்கி விற்கிற கடை. வாடிக்கையாளர் கையில் லென்ஸைக் கொடுத்தாலும் மூடியைத் தன் கையில் வைத்துக்கொள்வார். மூடி இல்லாத லென்ஸை எடுத்துக்கொண்டு யாரும் ஓடமாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவரிடம் இருக்கும் சொற்ப நம்பிக்கைகளில் அது ஒன்று.

ஆனால் லென்ஸ் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. முகம் எடுப்பதற்குப் பிரைம் வேண்டும், அதாவது ஜூம் ஆகாமல் ஒரே அளவில் நிற்கிற லென்ஸ் வேண்டும் என்று யார் வந்தாலும், கேமரா என்ன, கையில் எவ்வளவு என்றெல்லாம் கேட்கமாட்டார். "ரூம் எத்தனை அடி?" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

"முப்பத்தஞ்சு எம்.எம். வாங்கினா ஆளு மூஞ்சிக்கு நேரா போய் நிக்கணும். மூக்கு முன்னாடி வந்துடும், காது பின்னாடி போயிடும். அப்புறம் கஸ்டமர் உங்க மூக்கை உடைப்பாரு. அம்பது சின்ன ரூமுக்கு. தோள் வரைக்கும் தாராளமா எடுக்கலாம், வெறும் முகம் எடுக்கிறேன்னு கிட்ட போனாத்தான் வம்பு. எம்பத்தஞ்சு முகத்துக்குன்னே பொறந்தது. ஆறேழு அடி தள்ளி நின்னா மூக்கு மூக்கா இருக்கும். ஆனா பின்னாடி நகர இடம் வேணும். நூத்தி முப்பத்தஞ்சு..." இங்கே நிறுத்தி, ஆளை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார். "அது மனுஷங்களோட பேசப் பிடிக்காதவன் வாங்குறது."

அவர் சொந்தமாக வைத்திருப்பது நூற்று முப்பத்தைந்து. அதை மட்டும் சொல்லமாட்டார்.

வாங்குகிற லென்ஸை வைத்தே ஆளின் நிலவரத்தைப் படித்துவிடுவார். இரண்டு கூட்டாளிகள் ஒன்பது வருடம் எண்பத்தைந்து வைத்து ஸ்டூடியோ நடத்தினார்கள். ஒருநாள் அதில் ஒருவர் மட்டும் வந்து ஐம்பது கேட்டார். "ரூம் சுருங்கினாத்தான் லென்ஸ் சுருங்கும்," என்று டார்ச்காரர் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் கூட்டாளிகள் பிரிந்தார்கள். பிரியப்போவதை இன்னொரு கூட்டாளி கேள்விப்பட்டதே டார்ச்காரர் வாயால்தான்.

கடைக்குப் பின்னால் இருபத்தாறு அடி நீள அறை ஒன்று இருக்கிறது. அதுதான் அவர் தங்கையின் ஸ்டூடியோ. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவளுக்கு, சாமான்களை ஒழித்து அந்த அறையைக் கொடுத்தார். அலமாரியிலேயே உசத்தியான எண்பத்தைந்தை எடுத்து அவள் கையில் வைத்து, "இதை வெச்சுப் பொழைச்சுக்கோ பாப்பா," என்றார். கையெழுத்து வாங்காமல் அவர் வெளியே விட்ட ஒரே லென்ஸ் அது. தங்கைக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. இன்னும் பாப்பாதான்.

இருவரும் மாடியில் குடியிருக்கிறார்கள். அவருக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் எதிர்த்தரப்பிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். பேச்சு அத்தோடு நின்றது. ஆகவே உலகத்தில் அவருக்கு மனிதர் என்று இருப்பது தங்கை ஒருத்திதான். அவள் இல்லாத வீட்டை அவர் நினைத்துப் பார்த்ததில்லை, நினைக்கப் பயமாக இருந்ததால்.

விலை உயர்ந்த லென்ஸ்களை வைக்கும் அலமாரியும் தங்கையின் அறையில்தான் நிற்கிறது, இரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஏசி வைத்ததிலிருந்து. எனவே படமெடுக்க யார் வந்து உட்கார்ந்தாலும் நடுவில் ஓரிரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வார். நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கதவை முழுக்கச் சாத்தவிடமாட்டார். "காத்து வரட்டும்," என்பார். ஏசி ஓடுகிற அறைக்கு எந்தக் காற்று என்று தங்கை ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு வருடமாக அவள் தொழில் இறங்குமுகம். படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மறுபடி வருவதில்லை. என்ன குறை என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் வேற எங்கயோ இருக்கிற மாதிரி இருக்கு," என்றார் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. டார்ச்காரர் உடனே எண்பத்தைந்தைச் சந்தேகப்பட்டார். சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, முக்காலியில் கேமராவை வைத்து, நான்கு மூலை எழுத்தும் ஒரே கூர்மையில் விழுகிறதா என்று பார்த்தார். விழுந்தது. அப்படியும் விடவில்லை. மூன்று முறை வேறு வேறு எண்பத்தைந்துகளை மாற்றிக் கொடுத்தார். எதுவும் மாறவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, காபி டம்ளரைக் கவுண்டரில் வைத்தபடி தங்கை சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணா, நல்லதா ஒரு அம்பது பார்த்து எடுத்துக் குடேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. தங்கையிடம் மட்டும் மூன்றாவது பதிலைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை. "பார்க்கிறேன்," என்று டார்ச்சைத் துடைக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து துப்பறியும் வேலை. முதல் ஐம்பதைக் கொடுத்து, மறுநாளே "ஓரம் மங்குது" என்று பிடுங்கிக்கொண்டார். இரண்டாவதைக் கொடுத்து, "ரிங் இறுகுது" என்றார். இரண்டும் பழுதில்லாத லென்ஸ்கள். நாள் கடத்தினால் துப்பு கிடைக்கும் என்பது திட்டம். கிடைத்தது. தங்கையின் அறையில் தரையின் குறுக்கே ஒரு பச்சை டேப் ஒட்டியிருந்தது. அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து அந்த டேப் வரை அளந்தார். பதினோரு அடி. டேப்புக்கு அந்தப் பக்கம் இன்னும் பதினைந்து அடி காலியாகக் கிடக்க, தங்கை அந்தக் கோட்டைத் தாண்டாமல் நின்று படமெடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் செய்தார். அதைப் பற்றி அவருக்கே கொஞ்சம் வெட்கம். தங்கையின் சாவிக்கொத்தை எடுத்து எண்ணினார். நாலு சாவி இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது. ஐந்தாவது புதுசு.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம், தங்கை முன்னால் போய் நின்றார்.

"யாரு அந்த ஆளு?"

தங்கைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆளா? இந்த வயசுல நான் ஒரு ஆளுக்கு வேற பதில் சொல்லிட்டு இருக்கணுமா? ரூம் பார்த்திருக்கேண்ணா. ரெண்டு தெரு தள்ளி. பதினோரு அடிதான். அடுத்த மாசத்துலேருந்து அங்கதான் ஸ்டூடியோ. அங்கயே ஒரு மூலையில படுத்துக்குவேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மூணு தடவை கேப்பே. மூணாவது தடவை எனக்கு அழுகை வந்துடும். அப்புறம் நான் போக மாட்டேன்."

"இங்க இருபத்தாறு அடி இருக்கு. எம்பத்தஞ்சு இருக்கு. பதினோரு அடில போய் என்ன பாப்பா பண்ணப் போறே? அந்த லென்ஸ்ல ஏதோ கோளாறு இருக்கு, அவ்வளவுதான். கம்பெனிக்கே அனுப்பிப் பார்ப்போம்."

தங்கை உள்ளே போய் ஒரு பெரிய கவரை எடுத்து வந்து, கவுண்டர் கண்ணாடி மேல் படங்களைப் பரப்பினாள். பன்னிரண்டு முகங்கள். "லென்ஸைப் பார்க்காதே. ஆளுங்களைப் பாரு," என்றாள்.

அவர் வழக்கம்போல் லென்ஸைத்தான் பார்த்தார். மூலைகள் சரி. கூர்மை சரி. நிறம் சரி. பிறகுதான் அந்தப் பள்ளிக்கூட ஆசிரியையின் கண்களைக் கவனித்தார். அவை கேமராவைப் பார்க்கவில்லை. ஒரு நூலளவு விலகி, அவருடைய இடது பக்கம் பார்த்தன. பக்கத்தில் ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர், அவரும் இடது பக்கம். வேலைக்கு மனுப் போட்டிருந்த பெண், இடது பக்கம். இரட்டைக் குழந்தைகள் இரண்டும் இடது பக்கம். பன்னிரண்டு பேரும் எதையோ கண்டு லேசாக உஷாராகி உட்கார்ந்திருந்தார்கள்.

"எதைப் பார்க்கிறாங்க?" என்றார்.

தங்கை பூதக்கண்ணாடியை அவர் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

ஆசிரியையின் கருவிழிக்கு மேல் கண்ணாடியைக் கொண்டுபோனார். தங்கையின் விளக்கு ஒரு வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், செங்குத்தாக ஒரு வெளிச்சக் கீற்று. கதவு இடுக்கு. கடையின் டியூப்லைட் அதன் வழியாக விழுந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தின் நடுவில் கறுப்பாக ஒரு தலை, ஒரு தோள். அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த எண்பத்தைந்து, கூர்மையில் துளியும் குறை வைக்கவில்லை. முன்பக்கம் வழுக்கையான அந்தத் தலையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த படத்தைப் பார்த்தார். அதிலும் இருந்தார். அதற்கடுத்த படத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தையின் கண்ணில், கையில் லென்ஸ் மூடியோடுகூட நின்றார்.

டார்ச்காரர் பூதக்கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். வாழ்நாளெல்லாம் அவர் கோளாறு தேடினார். அது கிடைக்கும்போது இத்தனை வலிக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லி வைக்கவில்லை. தன் தங்கையின் சோற்றில் இரண்டு வருடமாக மண் போட்டது யார் என்று கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை கேட்க ஒன்றுமில்லை.

"அங்க கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குண்ணா," என்றாள் தங்கை. திட்டுகிற குரல் இல்லை. அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

அவர் வெகுநேரம் படங்களை அடுக்கினார். சரியாக அடுக்கியிருந்தவற்றைக் கலைத்து மறுபடி அடுக்கினார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, பின்வரிசையிலிருந்து ஒரு ஐம்பதை எடுத்து வந்தார். டார்ச் அடிக்கவில்லை, குலுக்கவில்லை.

"பதினோரு அடிக்கு இதான் சரி. அஞ்சடிக்கு உள்ள போகாதே. தோளோட நிறுத்திக்கோ, முகம் மட்டும்னு யாராவது கேட்டா அப்புறமா வெட்டிக் குடு. ஆளை உக்கார வெச்சுப் பார்க்காம லென்ஸ் எடுக்கக் கூடாது. யாரையாவது கூப்பிடு."

"யாரைக் கூப்பிட? நீ உக்காரு."

பதினோரு வருடத்தில் அவர் ஸ்டூடியோ அறையின் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்ததும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தங்கை பச்சை டேப்புக்கு உள்ளே வந்து, ஐந்தடியில் நின்று கேமராவைத் தூக்கினாள். இவ்வளவு கிட்டத்தில் அவளை அவர் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. ஒரு படம் எடுத்து, திரையைத் திருப்பிக் காட்டினாள். மூக்கு மூக்காகத்தான் இருந்தது. கண்கள் இரண்டும் இடது பக்கம் போயிருந்தன. கடையைப் பார்த்தபடி.

"அண்ணா, இங்க."

"அங்கதான் பார்க்கிறேன்."

அப்போது கடைவாசலில் யாரோ வரும் சத்தம் கேட்டது. "சார்? யாரும் இல்லையா?" பழக்கமில்லாத குரல். காலடி கவுண்டர் வரை வந்தது. வெளியே நாலு லென்ஸ்கள் மூடியோடு சேர்ந்தே கிடந்தன. கண்ணாடி மேலிருந்து கனமான ஏதோ ஒன்று தூக்கப்படும் ஓசை துல்லியமாகக் கேட்டது. டார்ச்காரரின் தோள்கள் மேலே ஏறின. நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். தங்கை கேமராவைத் தாழ்த்தினாள். அண்ணன் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் எழவில்லை. இடது காலை நீட்டி, கதவின் விளிம்பில் பாதத்தை வைத்து, அது நிலையில் பொருந்துகிற வரைக்கும் தள்ளினார்.