சுண்டலுக்கு அண்ணம் தைத்த கதை

போன சனிக்கிழமை, டெக்ஸாஸில் நாங்கள் இருக்கும் ஆலன் ஊரில் ஒரு பாட்லக் - ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவரும் விருந்து. புளியோதரைத் தட்டோடு வந்த ஒரு அம்மா என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "உங்க மருமக டாக்டராமே? என் முட்டி வலிக்கு யோசனை கேக்கணும்."

இவர் சொன்ன பதில் இருக்கிறதே... இருங்கள், முதலில் சுண்டலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மருமகள் காயத்ரி மிருக டாக்டர். இவர் இத்தனை நாளும் வெளியில் 'டாக்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்வார். யாராவது சுகர், பிரஷர் என்று ஆரம்பித்தால் பேச்சை டெக்ஸாஸ் வெயிலுக்குத் திருப்பிவிடுவார். பாவம், வெயில் என்ன செய்யும்?

குளிர்காலத்தில் ஒரு நாள் காயத்ரி உள்ளங்கை அளவு லேப்ரடார் குட்டியோடு வந்தாள். வாய்க்குள் மேலண்ணம் நடுவில் பிளந்திருந்தது. குடித்த பால் மூக்கு வழியே வந்தது. நாய் வளர்த்து விற்கிறவர் ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னாராம். இவள் மனசு கேட்காமல் தூக்கி வந்துவிட்டாள். கொண்டைக்கடலை நிறம் - அதனால் சுண்டல் என்று பெயர் வைத்தேன்.

"நாயா? கராஜோட நிக்கட்டும்" என்றார் இவர். ஆசாரம்!

மறுநாள் காயத்ரி குளிக்கப் போன நேரம், கராஜில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால்... ஆசாரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. மடியில் சுண்டல். கையில், பேரனுக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பாலாடை!

பால் புரையேறி, குட்டிக்கு மூச்சுத் திணறியது. காயத்ரி ஈரத் தலையோடு ஓடி வந்து காப்பாற்றினாள். ஆனாலும் நெஞ்சில் சளி கட்டி, பிழைக்குமா என்றாகிவிட்டது. அவள் திட்டவே இல்லை.

"வாயில ஊத்துனா நுரையீரலுக்குப் போயிடும் மாமா. வாங்க, டியூப் போடக் கத்துத் தரேன்."

அன்றிலிருந்து, மெல்லிய டியூபை வயிறுவரை இறக்கிப் பால் கொடுப்பது இவர் வேலை. எனக்கு ஒரு காபி கலந்து தராத மனுஷன்!

குட்டி வளர்ந்ததும் ஆபரேஷன். அண்ணத்தின் இரண்டு பக்கச் சதையையும் மெல்லப் பெயர்த்து, நடுவில் இழுத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். காயத்ரி தனியாகத் தைக்கும் முதல் அண்ணம் அது. முந்தின நாள் தயிர்சாதத்தை அளைந்துகொண்டே இருந்தாள்.

"தையல் விட்டுடுச்சுன்னா மறுபடி பிளந்துக்கும் அத்தை. திரும்ப இழுத்துத் தைக்க சதை பத்துமான்னு தெரியல."

ஆபரேஷன் முடிந்து வந்த சுண்டலுக்குக் குழைந்த சாப்பாடுதான். எதையும் கடிக்கவே கூடாது. இவர் என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்த செருப்பையெல்லாம் பொறுக்கி ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினார். ஆசாரம்!

காயம் ஆறியதும் காயத்ரி வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். கிண்ணத்தில் பாலை வைத்தாள். சுண்டல் சளக் சளக்கென்று குடித்தான். இவர் தரையோடு தரையாகப் படுத்து மூக்கையே பார்த்தார். வெள்ளையாக ஒரு சொட்டுகூட வரவில்லை.

"ஒட்டிக்கிச்சும்மா" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெயிலைக் குறை சொன்னார். வீட்டுக்குள்ளே! அன்று ஊருக்கு ஃபோன் பேசும் காலிங் கார்டு ஒன்று முழுக்க, இவர் தன் மதுரைத் தம்பிக்கு அண்ணத்தை விளக்கியே தீர்ந்தது.

சரி, பாட்லக்குக்கு வருவோம். முட்டி வலி அம்மாவிடம், கூடத்துக்கே கேட்கும்படி இவர் சொன்னார்:

"எங்க மருமக நாய்க்குட்டிக்கே அண்ணம் தைக்கிறவங்க. முட்டி வலிக்கெல்லாம் சாதாரண டாக்டரே போதும், போங்க."