மூத்தவர் கையால் எடுத்த பிடிமண்

வீட்டை விற்றே ஆக வேண்டும். வாங்க ஆள் இல்லை. தை பிறந்தால் கோர்ட்டிலிருந்து ஜப்திக்கு வந்துவிடுவார்கள். உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் கார்த்திகை மாதம் என் நிலைமை இதுதான். நம் வெள்ளிக்கிழமை பஜனையில் இதைச் சொல்லத் தொடங்கி, அழுகை வந்து பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் முருகனடியார்களாகிய உங்களுக்கு எழுதியே தந்துவிடுகிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கருப்பட்டி வியாபாரம். உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகளிடம் கடனாகச் சரக்கெடுத்து, தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்கு அனுப்புவார். அந்த ஐப்பசிக் காற்றில் தோணி பாறையில் மோதிவிட்டது. ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள். அது செந்தூரான் புண்ணியம். கருப்பட்டி கடலில் விழுந்தால் மிச்சம் ஏது? சிப்பம் கட்டிய ஓலைகூடத் திரும்பி வரவில்லை.

செய்தி வந்த அன்று படுத்தவர்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அவர் படுத்துவிட்டார், நான் எங்கே போய்ப் படுப்பது? உடன்குடியில் எத்தனையோ வீட்டு அடுப்பு எங்கள் கையை நம்பி எரிகிறது. இங்கே வீட்டின் பேரில் கடன் கொடுத்தவரோ, முந்தின வருஷத்துப் பாக்கிக்கே கோர்ட்டில் தீர்ப்பாகி டிக்ரி வாங்கி வைத்திருந்தார். தை வரை பொறுப்பேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று சொல்லிவிட்டார்.

வீட்டை ஒத்திக்கு விடச் சொன்னான் என் தம்பி. ஒத்தி என்றால் பணம் கொடுத்தவர் வீட்டில் குடியிருப்பார். நாம் பணத்தைத் திருப்பினால்தான் வீடு திரும்பும். திருப்பிக் கொடுக்க எந்தத் தோணி வரப்போகிறது? பாதியை மட்டும் விற்கலாம் என்றார் தரகர். பாதி வீட்டில் பாதி அடுப்பா வைப்பேன்? நகைகள் முதலிலேயே போய்விட்டன. முழு வீட்டையும் விற்பது என்று நானே முடிவு செய்தேன். அழுதுகொண்டேதான் முடிவு செய்தேன்.

கடற்காற்று தின்ற பின்சுவரைப் பூசினால்தான் வீடு விலைபோகும் என்றார் தரகர். முதலில் வந்த கொத்தனார் முன்பணம் வாங்கினார், சுவரை நாலு இடத்தில் சுரண்டினார், உப்பளத்தில் வேலை என்று போனவர் போனவர்தான். சுவர் முன்னைவிட மோசமாகிவிட்டது. அடுத்து வந்த பேச்சிமுத்துக் கொத்தனாருக்கு அன்றன்றைய வேலையைப் பார்த்த பிறகுதான் கூலி கொடுத்தேன். வீடு விற்கப் போகிறவர்கள் இந்த ஒரு புத்தியை என்னிடமிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

சுவர் நன்றாகிவிட்டது. பார்க்க ஆட்கள் வந்தார்கள். முன்கட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து ருசி என்பார்கள். புறவாசலுக்குப் போனதும் முகம் மாறிவிடும். அங்கே பூவரச மரத்தடியில் எங்கள் சுடலைமாடன் பீடம் இருந்தது. இன்னொரு குடும்பத்துச் சுடலையை யார் விலைக்கு வாங்குவார்கள்? கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

அந்தப் பீடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் குலதெய்வம் உடன்குடிப் பனங்காட்டில் இருக்கிறது. வெளியூரில் குடியேறுகிறவர்கள் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, அந்தப் பிடிமண்ணின் மேல் பீடம் கட்டிக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். குடும்பத்தில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், இளையவர் வாங்கிக்கொள்ள வேண்டும். பீடத்தைப் பிரிப்பதானாலும் மூத்தவர்தான் அந்த மண்ணைத் திரும்ப எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர், இங்கே தூத்துக்குடியில் வீடு கட்டிய அவசரத்தில், அண்ணன் சந்தைக்குப் போயிருந்த சமயம் தன் கையாலேயே எடுத்துவந்துவிட்டார். ஒரு பிடி மண்தானே என்று நினைத்துவிட்டார். நான் இருக்கும்போதே என்னைச் செத்தவனாக்கிவிட்டான் தம்பி என்று மூத்தவர் நினைத்துவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. எங்கள் மகள் கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை.

மார்கழி பிறந்ததும் காயல்பட்டினத்திலிருந்து மீரான் முதலாளி வந்தார். கொழும்பில் கடை வைத்திருப்பவர். துறைமுகத்துக்குப் பக்கமாகச் சரக்கு வைக்க இடம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. புறவாசலில் பீடத்தைப் பார்த்து நின்றார். இவரும் திரும்பிவிடுவார் என்றே நினைத்தேன்.

"இதை இடிச்சுத் தந்தா எனக்கு வேண்டாம்மா. என்னால ஒரு குடும்பத்துச் சாமி இடிபடக் கூடாது. உங்க முறைப்படி எடுத்துட்டுப் போங்க, பத்திரம் முடிப்போம். தை பொறக்குமுன்ன நான் கப்பல் ஏறணும். அதுக்குள்ள முடியலேன்னா வேற வீடு பார்த்து வச்சிருக்கேன்."

பேச்சிமுத்துக் கொத்தனாரைக் கேட்டேன். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "மூத்தவரு வந்து மண்ணு எடுக்காம அதுல கடப்பாரை வைக்கச் சொல்லாதிய தாயி. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

தரகருக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கியளே! ரெண்டு கூலியாள வச்சு மட்டமாக்கி, மேல தளம் போட்டுருவோம். முறைப்படி எடுத்தாச்சுன்னு சொன்னா காயல் முதலாளிக்குத் தெரியவா போகுது?"

"சுடலைக்குத் தெரியுமேய்யா" என்றேன்.

மறுநாளே உடன்குடிக்குப் போனேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். அங்கே மூத்தவர் முற்றத்தில் கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தார். என் ஓரகத்தி, அவர் மனைவி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூத்தவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தோணி போனது, அவர் தம்பி படுத்தது, தையில் ஜப்தி வருவது எல்லாவற்றையும் சொன்னேன்.

"மண்ணு எடுக்கையில அண்ணன் ஞாபகம் வரலியோ?" என்றார் என்னைப் பார்க்காமலே. "இப்பம் விக்கப் போகையில மட்டும் வருதோ? போகச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

ஓரகத்தி அழுதாள். நான் அழவில்லை. தெருமுனை தாண்டும்வரை அடக்கிக்கொண்டேன். அதற்கப்புறம் திருச்செந்தூருக்குப் போன மாட்டுவண்டியில் ஏறி, வழியெல்லாம் அழுதேன். வண்டிக்காரர் பாவம், மாட்டைத் திட்டுவதையே விட்டுவிட்டார்.

கோயில் மண்டபத்தில் பெண்களோடு தங்கி, மறுநாள் சஷ்டியன்று கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் குளித்துச் சந்நிதிக்குப் போனேன். மனசுக்குள் வேண்டிக்கொள்ளத்தான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"முருகா, உனக்கென்ன, நீயும் ஒரு பழத்துக்காக அண்ணங்கிட்ட கோவிச்சுட்டு மலையேறி நின்னவன்தான! அண்ணன் தம்பி சண்டை உனக்குத் தெரியாததா? எங்க வீட்டு மனுசன் செஞ்சது தப்புதான். நான் வீட்டக் கேக்கல. வீடு போட்டும். எங்க மூத்தவரு வந்து வாசல்ல நிக்கணும். செத்தா தூக்கதுக்கு அண்ணன் வேணும் அவருக்கு. அவரக் கூட்டிட்டு வா. நீயே கூட்டிட்டு வா!"

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அர்ச்சகர் பன்னீர் இலை விபூதியைக் கையில் வைத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் அது கரியில் ஓடும் பஸ். பெண்களெல்லாம் முன்னால் இருந்தோம். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று புகையில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை.

எங்கள் தெருவில் நுழையும்போதே புறவாசலிலிருந்து ஆட்களின் சத்தம் கேட்டது. ஓடினேன். நான் ஊரில் இல்லாத சமயம் பார்த்துத் தரகர் இரண்டு கூலியாட்களைக் கூட்டிவந்திருந்தார். பூவரசமரத்தடியில் ஒருவன் கடப்பாரையைத் தூக்கிவிட்டான்.

"கைய எடுலே!" என்று கத்தினேன். அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது.

"உங்க நல்லதுக்குத்தான செய்யுதேன்" என்றார் தரகர். "முதலாளி நாளைக்கு வாராரு. பீடம் இருந்தா திரும்பிப் போயிருவாரு. தையில தெருவுல நிப்பிய." கூலியாளைப் பார்த்து, "நீ போடுலே" என்றார்.

நான் குறுக்கே போய் நின்றேன். அவர் சொன்னதிலும் பொய் இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டால் வீடு விற்றுவிடும், கடன் தீர்ந்துவிடும், பனையேறிகள் முகத்தில் முழிக்கலாம். "முருகா, சீக்கிரம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அப்போது அடுக்களை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றார். ஐப்பசியிலிருந்து எழுந்திருக்காத மனுஷன். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, கடப்பாரையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"எங்க அண்ணன் வராம இதுல எவனும் கைவைக்கப்படாது. அவன் கையால எடுக்க வேண்டிய மண்ண நான் எடுத்தேன். அதுக்குத்தான் இவ்வளவும். வீடு ஏலத்துல போனாலும் போட்டும்."

"உங்க அண்ணன் எப்பம் வர, எப்பம் பத்திரம் முடிக்க?" என்று தரகர் சிரித்தார்.

"வந்தாச்சு" என்று எனக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

மூத்தவர்தான். வேட்டியெல்லாம் கரிப்புகை. அக்குளில் புது மஞ்சள் துணி. நான் வந்த அதே பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து, தெரு முழுக்க எனக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். அந்த வீம்பு அவர்கள் குடும்பச் சொத்து, அதை மட்டும் எந்தக் கோர்ட்டும் ஜப்தி செய்ய முடியாது.

தரகர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சந்து வழியாகப் போய்விட்டார். பேச்சிமுத்துக் கொத்தனாரை வரச் சொன்னோம். தேங்காய் உடைத்து, படையல் வைத்து, மூத்தவர் பீடத்தின் அடியில் கையை விட்டார். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "ஏலே, நீயும் கையக் குடு" என்றார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த மண்ணை எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அண்ணன் தோளில் முகத்தை வைத்து அழுத அழுகையைப் பார்த்து, பேச்சிமுத்துக் கொத்தனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மஞ்சள் துணியில் கட்டிய பிடிமண் அன்றே உடன்குடிக்குப் போனது. பீடத்தைப் பேச்சிமுத்தே பயமில்லாமல் பிரித்து, செங்கற்களைக் கடலில் சேர்த்தார்.

மறுநாள் மீரான் முதலாளி வந்து, வெறும் மண் கிடந்த இடத்தைப் பார்த்து, "சந்தோசமா எடுத்தியளாம்மா?" என்று மட்டும் கேட்டார். தை பிறக்குமுன் பத்திரம் முடிந்தது. கோர்ட்டுக் கடன் தீர்ந்தது. பனையேறிகளின் பாக்கியை அண்ணனும் தம்பியும் வீடு வீடாகச் சேர்ந்தே போய்க் கொடுத்தார்கள். இப்போது வியாபாரமும் சேர்ந்துதான். நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். மழைக்கு ஒழுகுகிறது. ஆனால் என் வீட்டுக்காரர் இப்போது சுவரைப் பார்த்துப் படுப்பதில்லை.

பிற்பாடு ஓரகத்தி ஒன்று சொன்னாள். என்னை விரட்டிய அன்று மூத்தவர் சாப்பிடவில்லை. மறுநாள் வழக்கம்போல் சஷ்டிக்குத் திருச்செந்தூர் போயிருக்கிறார். சந்நிதியில், தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார். நான் முருகனிடம் போட்ட சண்டை முழுவதையும் கேட்டுவிட்டு, நேராகக் கடைக்குப் போய் மஞ்சள் துணி வாங்கியிருக்கிறார்.

இதைக் கேட்ட என் தம்பி சிரித்தான். "அப்பம் ஒன் வேண்டுதலக் கேட்டது மூத்த அத்தான்தான், முருகன் இல்லையே" என்றான்.

"ஆமாலே, அவருதான் கேட்டாரு" என்றேன். "அவரக் கேக்க வச்சது யாரு?"

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் விற்க முடியாத வீடு, தீராத பகை, எழுந்திருக்காத மனுஷன் இருக்கலாம். செந்தூரான் சந்நிதிக்குப் போங்கள். அங்கே நின்று முணுமுணுக்காதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். யார் காதில் அதை விழவைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.