என் எடைக்குக் கிடைத்த மரியாதை

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் மாடிக்கட்டடத்தில் யோகன் அண்ணை இருந்தார். யாழ்ப்பாணத்து எழுவைதீவுக்காரர். ஊரில் பாய்வள்ளப் போட்டிகளில் வென்றவர், ரொறன்ரோவிலும் ஏரியில் போட்டிக்கு இறங்குவார்.

ஒருநாள் லிஃப்ற்றுக்குள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நாளைக்கு இந்த வருசத்துக் கடைசிப் போட்டி. அதிலை வெண்டால், கோப்பை எனக்குத்தான். காத்து பலமாம், வள்ளம் சரியாமல் இருக்க உம்மைப்போல பாரமான ஆள் வேணும். நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை."

"நல்லது. அப்ப வள்ளத்தை விட்டுப் பாயமாட்டீர்."

மறுநாள் நாங்கள்தான் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தோம். திடீரெனக் காற்று ஓங்கி அடிக்க, வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது.

"காத்து வாற பக்கம் வெளியாலை சாயும்!" என்று அண்ணை கத்தினார். நான் பயத்தில் உள்ளே பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். வள்ளம் கவிழ்ந்தது.

லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தபடி அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"உதுக்கேன் அழுறீர்? கவிண்ட வள்ளத்தை நிமித்தவும் பாரம்தான் வேணும். ஏறும்!"

வள்ளத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்றேன். வள்ளம் மெல்ல நிமிர்ந்தது.

கடைசியாகத்தான் கரை சேர்ந்தோம். கோப்பையை வேறொருவர் தூக்க, அண்ணை எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார். பிறகு என் தோளில் தட்டி, "அடுத்த வருசமும் நீர்தான் வாறீர்" என்றார்.

யாராவது என் காரியத்தைக் கெடுத்துவிட்டு முழிக்கும்போது, தண்ணீருக்குள் அவர் சிரித்த சிரிப்புத்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகு கோபிக்க மனம் வருவதில்லை.